காயம்பட்ட குதிரையும் அதன் சொந்தக்காரரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு பக்கம் தோட்டத்தில் இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை. செவலை நிற மார்வாரிப் பெட்டை ஒன்று முன்னங்காலில் தசைநார் கிழிந்து நின்றது. தேறி வரும்போது என் அவசரத்தால் மறுபடியும் கிழிந்தது. அது லாயத்தில் கிடந்த காலத்தில் நான் இன்னொரு குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். அப்போது நான் பிறரிடம் கேட்ட கேள்விகளைத்தான் புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள்.

காலையில் லாயத்துக்குப் போனால் குதிரை நொண்டுகிறது. முதலில் என்ன செய்வது?

எந்தக் கால் என்று பாருங்கள். கெட்டியான சமதரையில் ஒருவரை விட்டு மெல்ல ஓட்டச் சொல்லிவிட்டு எதிரே நில்லுங்கள். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். காலைத் தரையில் வைக்கவே மறுக்கிற குதிரையை மட்டும் இப்படி ஓட்டிப் பார்க்காதீர்கள்.

அடுத்தது குளம்பு. எல்லோரும் தோள், முட்டி என்று மேலே தடவிக்கொண்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கும். குளம்பைத் தூக்கிச் சுரண்டிப் பாருங்கள். கல் சிக்கியிருக்கலாம், லாட ஆணி தப்பான இடத்தில் இறங்கியிருக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். சீழ் கட்டினால் முந்தின மாலை வரை நன்றாக இருந்த குதிரை விடிந்ததும் மூன்று காலில் நிற்கும். கால் முறிந்துவிட்டது என்றே நினைப்போம். குளம்பு சூடாக இருக்கும், கணு மூட்டின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி தெறிக்கும். மருத்துவர் அடிக்குளம்பில் சின்னத் துளையிட்டுச் சீழை வடித்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் பழைய நடை வந்துவிடும். என் அனுபவத்தில் அதிகம் பயமுறுத்திக் குறைவாகக் கெடுதல் செய்வது இதுதான்.

குளம்பில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்க வேண்டாம். அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க முடிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. குதிரை மிதித்து மிதித்து மேலும் உள்ளே ஏற்றிக்கொள்ளும் என்றால் மட்டும் பிடுங்குங்கள். பிடுங்கிய இடத்தைப் பேனாவால் குறித்து, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவரை அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"குதிரை சரியில்லை, உடனே வாங்க" என்று நான் பல முறை சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் பயனுள்ள செய்தி எதுவும் இல்லை. எண்களைச் சொல்லுங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 இருக்கும். நாடியைத் தாடை எலும்பின் கீழே பார்க்கலாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

உங்கள் குதிரையின் வழக்கமான எண்களை நோய் இல்லாத நாளிலேயே நான்கைந்து முறை எடுத்து லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். தெரிந்த மருத்துவர் கிடைக்காவிட்டால் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மாட்டையே அதிகம் பார்த்துப் பழகிய மருத்துவர் வந்தாலும் முதலுதவிக்கு அவர் போதும். பெரிய சிக்கலானால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு நாமக்கல், சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி.

எவையெல்லாம் விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை?

ஒரு காலைத் தரையில் வைக்கவே முடியாத நிலை. நிற்காத இரத்தம். கண்ணை மூடிக்கொண்டு நீர் வடிப்பது. வயிற்றுவலி. இவற்றோடு, பார்க்கச் சின்னதாக இருந்தாலும் மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தக் காயமும். ஒரு அங்குலக் கீறல்தானே என்று விட்டுவிடுவார்கள். அது மூட்டு உறைக்குள் போயிருந்தால் கிருமி உள்ளே குடியேறிவிடும். பிசுபிசுப்பான மஞ்சள் நீர் கசிந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். தொடையில் ஒரு சாண் கிழிந்த காயம் ஆறிவிடும். மூட்டில் விரல் நுனி அளவுத் துளை குதிரையைக் கொன்றுவிடும்.

முள்கம்பி கிழித்த காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடலாமா?

மருத்துவர் பார்க்கும் முன் எதையும் அப்ப வேண்டாம். சாம்பல், மண்ணெண்ணெய், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் வரை போட்டுப் பார்த்திருக்கிறேன். அதாவது, பிறர் போட்டதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் அப்பிய காயத்தில் எது தோல், எது தசை, எது எலும்பு என்றே தெரியாது. தையல் போட வந்தவர் அரை மணி நேரம் மஞ்சளைக் கழுவிக்கொண்டிருப்பார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு கலந்து, அதை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். அதோடு சரி.

குதிரைக்கு முன்முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே காலின் கீழ்ப்பகுதிக் காயங்கள் ஆறத் தாமதமாகும். ஆறும்போதும் புதுச்சதை அளவு மீறிக் காலிஃபிளவர் போல வெளியே தள்ளிக்கொண்டு வளரும். அதைச் சுண்ணாம்பு, மயில்துத்தம் என்று வைத்துப் பொசுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரணஜன்னி என்கிற டெட்டனஸ் எளிதில் தாக்கும் விலங்குகளில் குதிரை முதல் வரிசையில் இருக்கிறது. அதன் கிருமி லாயத்து மண்ணிலும் சாணத்திலுமே இருக்கிறது. தடுப்பூசி அட்டை எங்கே என்று காயம்பட்ட அன்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வயிற்றுவலி என்று எப்படித் தெரியும்?

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும், புரளும், வியர்க்கும், சாணம் போடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதற்குப் பின்வாசல் ஒன்றே வழி. தீவனத்தை எடுத்துவிடுங்கள், மருத்துவரை அழையுங்கள், அவர் வரும்வரை மெதுவாக நடத்துங்கள். நடத்துவது புரளாமல் இருப்பதற்காகத்தான்; இரவு முழுக்க நடத்தி அதைச் சோர்ந்து விழவைப்பதால் பயனில்லை. பாட்டிலை வாயில் சொருகி எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போனால் வயிற்றுவலியோடு நிமோனியாவும் வரும்.

"நரம்பு இழுத்துக்கொண்டது" என்கிறார்கள். எத்தனை நாளில் சரியாகும்?

நாட்களில் கேட்காதீர்கள். மாதங்களில் கேளுங்கள்.

நம் பக்கத்தில் நரம்பு என்று சொல்வது தசைநாரை. முன்னங்காலின் பின்புறம் முட்டிக்குக் கீழே விரலால் தடவினால் கயிறு போல ஒன்று தெரியும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அந்தக் கயிறு ரப்பர் போல நீண்டு சுருங்கும். அதன் இழைகள் அறுந்தால் உடல் அந்த இடத்தைத் தழும்பு இழைகளால் நிரப்புகிறது. அந்த இழைகள் முதலில் தாறுமாறாகக் கிடக்கும். பழைய இழைகளின் இழுவையும் அவற்றுக்கு இருக்காது. அவை ஒழுங்காக ஒரே திசையில் அடுக்கிக்கொள்ள 9 முதல் 12 மாதங்கள் ஆகும், பெரிய கிழிசலானால் அதற்கு மேலும்.

நான் செய்த தவறு இங்கேதான். செவலைக்குக் கிழிந்த முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தினமும் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காலில் அடித்தேன், கட்டு போட்டேன், மருத்துவர் கொடுத்த மருந்தைக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் வீக்கம் வற்றிவிட்டது. நொண்டவில்லை. காலைத் தூக்கித் தூக்கி ஆடியது. நன்றாகிவிட்டது என்று ஏறி ஓட்டினேன். எட்டாவது நாள் அதே கால், அதே இடம், முன்னைவிடப் பெரிய கிழிசல்.

வீக்கம் வற்றுவது அழற்சி அடங்கியதற்கு அடையாளம். தசைநார் சேர்ந்ததா என்பதை அது காட்டாது. ஸ்கேன் காட்டும். இரண்டாம் முறை ஸ்கேன் திரையில் கயிற்றின் நடுவே கறுப்பாக ஒரு ஓட்டையைப் பார்த்தேன். முதல் முறையே பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

பிறகு எப்படி நடத்தினோம் என்றால், மருத்துவர் சொன்னபடி கையில் பிடித்துக்கொண்டு நடை மட்டும். நேர்வழியில், கெட்டியான தரையில், தொடக்கத்தில் பத்து நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினோம். வளைந்து திரும்புவதும் உழுத மண்ணும் கூடாது. ஓட்டத்துக்கு மாற்றும் முன் ஒரு ஸ்கேன், மேலே ஆள் ஏறும் முன் இன்னொன்று. உங்கள் குதிரையின் கணக்கு வேறாக இருக்கும். ஸ்கேன் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பது மட்டும் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்.

காய்ச்சிய இரும்பால் காலில் சூடு போடச் சொல்லி வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சூடு போட்ட வலியில் குதிரை மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். அந்த ஓய்வில் ஆறுவதைச் சூட்டின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

மாதக்கணக்கில் லாயத்திலேயே நிற்கும் குதிரையை எப்படிச் சமாளிப்பது?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்குக் கடிவாளம் இல்லை, ஆகவே கொள்ளும் வேண்டாம். வேலை செய்த காலத்து அளவிலேயே கொள்ளும் தானியமும் கொடுத்தால் மூன்றாம் வாரம் சுவரை உதைக்கும், கயிற்றை அறுக்கும், பத்து நிமிட நடையில் உங்களைத் தூக்கி எறியும். எடை ஏறி லேமினைடிஸ் வரும் ஆபத்தும் உண்டு. குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிடித்துவைத்திருக்கும் பகுதி அழன்று பிய்ந்துபோகும் கொடிய நோய் அது. தானியத்தைச் சட்டென்று நிறுத்தாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். உலர்புல்லை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் மெல்ல மெல்ல இழுத்துத் தின்னும். பொழுதும் போகும், வயிறும் வெறுமையாகாது.

தனியாக விடாதீர்கள். கூட்டமாக வாழும் விலங்கு. இன்னொரு குதிரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும். எங்கள் செவலைக்கு ஒரு வெள்ளாடு துணை இருந்தது. அந்த ஆடு இப்போது லாயத்தை விட்டு வெளியே வர மறுக்கிறது, அது வேறு கதை.

அடிபடவே இல்லை. ஆனால் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று மாறி மாறி நொண்டுகிறது. ஏன்?

என்ன தீவனம் போடுகிறீர்கள்? கோ-4 புல்லும் தவிடும் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். மாட்டுக்கு அருமையான புல் அது. ஆனால் கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புற்களில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுக் குதிரையின் உடலுக்குக் கிடைக்காமல் செய்கிறது. தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். இடம் மாறும் நொண்டல் முதலில் வரும்; முற்றினால் முகத்தெலும்பு இரு பக்கமும் புடைக்கும். மருத்துவரிடம் கேட்டுத் தாது உப்புக் கலவையைச் சேருங்கள். கால்சியம் நிறைந்த லூசர்ன் தீவனத்துக்கு நம் ஊர்ப் பெயர் குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருந்தும் குதிரைக்குப் போடாமல் முயலுக்குப் போடுகிறோம்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

கூடாது. மனித அளவில் கொடுத்தால் கேட்காது, கூட்டிக் கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். இரண்டு வகை வலி மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இன்னும் மோசம். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் போடுவது இந்தியாவில் 2006 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்ததுதான் காரணம். தவிர, வலி மறைந்தால் குதிரை அடிபட்ட காலை நன்றாக ஊன்றி மேலும் கெடுத்துக்கொள்ளும்.

குதிரையைத் தெருநாய் கடித்துவிட்டது. காயம் சின்னதுதான்.

சின்னது பெரியது என்று பார்க்காதீர்கள். கையுறை போட்டு, சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். குதிரைக்கு வெறிநோய் வந்தால் முதலில் நொண்டல் போலவும் வயிற்றுவலி போலவும் தெரியலாம். நாய் கடித்த வரலாறு உள்ள குதிரை எச்சில் ஒழுக்கினால் தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் கைவிடாதீர்கள்.

சுழி சரியில்லாத குதிரை, அதனால்தான் அடிமேல் அடி என்கிறார்கள்.

என்னிடமும் சொன்னார்கள். வாங்கும்போது சுழி பார்த்துச் சொன்னவரே அடிபட்ட பிறகு வந்து அதே சுழியில் குற்றம் கண்டுபிடித்தார். எங்கள் தோட்டத்தில் வடக்கு வேலிக் கம்பி தளர்ந்து கிடந்தது. லாடம் அடித்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். குளம்பு முன்னால் நீண்டுவிட்டால் பின்புறத் தசைநாருக்கு இழுவை கூடும். இவற்றை வைத்துக்கொண்டு சுழியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருஷ்டி கழிப்பதென்றால் கழித்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. பிறகு வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

என்னால்தான் இது நடந்தது என்ற எண்ணம் தூங்கவிடவில்லை.

உங்களால்தான் நடந்திருக்கலாம். எனக்கு நடந்தது என்னால்தான். "உன் தவறு இல்லை" என்று பலர் சொன்னபோது கோபம்தான் வந்தது. எனக்கு உதவியது ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, நடை நிமிடம், வீக்கம், சூடு, சாணம், தின்ற அளவு. ராத்திரி தூக்கம் வராதபோது அதை எடுத்துப் பார்ப்பேன். முந்தின வாரத்தை விட ஐந்து நிமிடம் கூட நடந்திருக்கும்.

நான் விழுந்துவிட்டேன். எப்போது மறுபடி ஏறலாம்?

குதிரை குப்புறத் தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற பழமொழியை எலும்பு முறிவுப் பிரிவின் படுக்கையில் படுத்துக்கொண்டுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அன்று காலைதான் செவலையின் இரண்டாவது ஸ்கேனுக்குப் பணம் கட்டியிருந்தேன்.

தலையில் அடிபட்டிருந்தால், தலைவலி, வாந்தி, குழப்பம், வெளிச்சம் கூசுவது எதுவாக இருந்தாலும் மருத்துவர் அனுமதிக்கும் வரை ஏறக்கூடாது. முதல் மூளை அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுவது உயிருக்கே ஆபத்து. அடி வாங்கிய தலைக்கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். காறை எலும்பு சேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்று சொன்னார்கள். ஆறாவது வாரமே சேணத்தைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியது. செவலையின் நினைவு வந்து வைத்துவிட்டேன்.

ஒரு யோசனை: நீங்கள் படுத்துக்கொண்டால் குதிரைக்கு எவ்வளவு தீவனம், எப்போது, எந்த மருத்துவர், எந்த லாடக்காரர் என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா? எங்கள் வீட்டில் தெரியாது. என் மனைவி முதல் நாள் மாட்டுத்தீவனம் போட்டுவிட்டார். அதில் யூரியாவோ மொனென்சின் என்ற தீவன மருந்தோ கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு மருத்துவர் விளக்கியபோது எனக்குக் கை நடுங்கியது. மொனென்சின் குதிரையின் இதயத்தையே அழித்துவிடும்.

ஏறப் பயமாக இருக்கிறது. வெளியே சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

ஏறாதீர்கள். தேய்த்துவிடுங்கள், குளம்பைச் சுத்தம் செய்யுங்கள், கையில் பிடித்து நடத்துங்கள். விழுந்தவுடன் மறுபடி ஏறிவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் விழுந்தவரின் எலும்பை எண்ணிப் பார்ப்பதில்லை. வேறு அமைதியான குதிரையில், யாராவது கயிற்றைப் பிடித்திருக்க, நடையில் மட்டும் தொடங்குங்கள்.

காப்பீடு உதவுமா?

கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் சாவுக்குத்தான், சிகிச்சைச் செலவுக்கு இல்லை. அடையாளக் குறி, புகைப்படம், பிரேதப் பரிசோதனைச் சான்று மூன்றும் கேட்பார்கள். சிகிச்சைக்கென்று மாதாமாதம் கொள்ளு வாங்கும் அளவுக்கு ஒரு தொகையை எடுத்து வையுங்கள்.

இனி ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். விற்றுவிடலாமா?

விற்கலாம், உண்மையைச் சொல்லி. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வலி ஊசி போட்டு நிறுத்திய குதிரையை வாங்கிப்போய் மூன்றாம் நாள் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. அந்த ஏமாற்றில் கடைசியில் அடிபடுவது குதிரை. நொண்டியபடி நான்கு கை மாறும். ஓடாத குதிரை நடக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வரும். அதற்கும் முடியாவிட்டால் புல் தின்றுகொண்டு நிற்கும். அந்தச் செலவு உங்களால் முடியுமா என்பதை மட்டும் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்.

கருணைக்கொலை பற்றிப் பேசுகிறார் மருத்துவர். அது பாவம் இல்லையா?

அமெரிக்காவில் பார்பரோ என்ற பந்தயக் குதிரை 2006-ல் கென்டக்கி டெர்பியை வென்றது. இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பணத்துக்குக் குறைவில்லாத சொந்தக்காரர்கள், தேர்ந்த அறுவை மருத்துவர்கள், எட்டு மாதப் போராட்டம். நொறுங்கிய கால் ஓரளவு தேறியது. ஆனால் எடையையெல்லாம் சுமந்த மற்றப் பின்னங்காலில் லேமினைடிஸ் வந்தது. 2007 ஜனவரி 29 அன்று அதை வலியில்லாமல் முடித்துவைத்தார்கள். குதிரையால் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்து பிழைக்க முடியாது. நிற்க மற்றக் கால்கள் நன்றாக இருக்க வேண்டும், அவையும் அளவுக்கு மேல் சுமந்தால் போய்விடும்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வலி இல்லாமல் நிற்க வாய்ப்பு உண்டா? எத்தனை மாதம்? இது உங்கள் குதிரையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவதற்கு அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள். குணமாகாத வலியில் கிடக்கும் விலங்கை விடுவிக்க 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊசி மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால் நாயும் பறவையும் தோண்டாத அளவுக்கு ஆழமாகப் புதைக்க வேண்டும். குழி வெட்டும் இயந்திரத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கும்படி வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். அந்த நாளில் உங்களால் அந்தத் தொலைபேசியில் பேச முடியாது.

குணமான குதிரையில் மறுபடி ஏறும் முதல் நாள் எப்படி இருக்க வேண்டும்?

சுருக்கமாக இருக்க வேண்டும். வெயில் ஏறும் முன், ஒரு ஆள் கயிற்றைப் பிடித்திருக்க, நடை மட்டும், பத்து நிமிடம். செவலைக்கு அது இரண்டாவது கிழிசலுக்குப் பிறகு பதினோராவது மாதம். பல மாதம் சேணம் பார்க்காத வயிறு ஊதியிருந்ததால் வாரை இரண்டு துளை தளர்த்திக் கட்டினேன். புளியமரம் வரை போனோம். அங்கிருந்து மேலே ஓடலாம் என்று காதை முன்னால் விறைத்துக்கொண்டு அது கேட்டது. இறங்கிக் கடிவாளத்தைக் கையில் பிடித்து வீட்டுக்கு நடத்தி வந்து, காலில் இருபது நிமிடம் தண்ணீர் அடித்து, தடவிப் பார்த்து, நோட்டில் பத்து நிமிடம் என்று எழுதினேன்.